கரகரப்பும் இசைதான்

ரேடியோ கரகரக்கிறது. நாம் என்ன செய்வோம்? தலையில் ஒரு தட்டுத் தட்டுவோம். கரகரப்பு என்றால் பழுது என்று நினைப்போம்.

அமெரிக்காவில் நாஷ்வில் என்ற ஊர் உள்ளது. அங்கே ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். பாடியவர் மார்ட்டி ராபின்ஸ். பதிவுக் கருவியில் பழுது ஏற்பட்டது. கிடார் ஒலி கரகரவென்று வந்தது. அதை அழிக்கவில்லை. 1961-இல் பாட்டு அப்படியே வெளிவந்தது. மக்களுக்குப் பிடித்தது.

பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி. அதே ஒலியைத் தர அவர் ஒரு கருவியை உருவாக்கினார். 1962-இல் அது விற்பனைக்கு வந்தது. 1966-இல் லண்டனில் 'ஃபஸ் ஃபேஸ்' என்ற கருவி வந்தது. வட்டமான பெட்டி. காலால் அமுக்க வேண்டும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற கிடார் கலைஞர் இதை வாசித்துப் புகழ் பெற்றார். இன்றும் பலர் இதைப் பார்த்து வீட்டிலேயே செய்கிறார்கள்.

எப்படி வேலை செய்கிறது?

தாழ்வான குடிசைக்குள் உயரமான ஆள் நிமிர முடியுமா? தலை இடிக்கும். கிடார் ஒலியும் அப்படித்தான். டிரான்சிஸ்டர் ஒலியைப் பெரிதாக்குகிறது. 9 வோல்ட் பேட்டரிதான் கூரை. அதற்கு மேல் ஒலி அலை உயர முடியாது. அலையின் தலை தட்டையாகிறது. அதுவே கரகரப்பு.

தேவையானவை

டிரான்சிஸ்டர் – 2
ரெசிஸ்டர் – 4
கெபாசிட்டர் – 3
திருகும் கண்ட்ரோல் – 2
கிடார் ஒயர் செருக ஜாக் – 2
கால் சுவிட்ச் – 1
9 வோல்ட் பேட்டரி – 1
தகரப் பெட்டி – 1

படித்துப் பார்த்துப் பொருத்துங்கள்

ரெசிஸ்டரில் எண் இருக்காது. வண்ணப் பட்டைகள் இருக்கும். அவையே எழுத்து. ஆரஞ்சு என்றால் 3. முதல் இரண்டு பட்டைகள் எண்கள். மூன்றாவது பட்டை, எத்தனை பூஜ்யம் என்று சொல்லும். மூன்றும் ஆரஞ்சு என்றால் 33,000 ஓம். ஃபஸ் ஃபேஸில் இது ஒன்று உண்டு.

இரண்டு கெபாசிட்டர்களுக்குக் கூட்டல், கழித்தல் முனைகள் உண்டு. பேட்டரிக்கும் உண்டு. மாற்றி வைத்தால் ஒலி வராமல் போகலாம். டிரான்சிஸ்டரும் கெடலாம். பணம் வீண். ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

சால்டரிங் செய்யும்போது சூட்டை அதிக நேரம் வைக்காதீர்கள். புகையை முகராதீர்கள். முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பழுது என்று ஒதுக்கியதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டார். உலகுக்குப் புதிய இசை கிடைத்தது.

விடை சொல்லுங்கள்

1. ஃபஸ் ஃபேஸ் எந்த ஊரில், எந்த ஆண்டில் வந்தது?
2. மஞ்சள் 4, ஊதா 7, பழுப்பு 1. இந்த வரிசையில் பட்டைகள் உள்ள ரெசிஸ்டர் எத்தனை ஓம்?
3. உங்கள் வீட்டில் 'பழுது' என்று ஒதுக்கிய பொருள் எது? அது எதற்காவது பயன்படுமா?