தடையும் ஓட்டமும்

மதுரை மாநகருக்கு மேற்கே நீண்டு கிடக்கும் குன்றினை நாகமலை என்பர். அதன் அடிவாரத்தில், தேனிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ள ஊர் நாகமலை புதுக்கோட்டை. இவ்வட்டாரத்துத் திருவிழாக்களில் வண்ண விளக்குச் சரங்கள் ஒளிர்வதை மாணவர்கள் கண்டிருப்பீர்கள். பழைய வகைச் சரத்தில் ஒரு விளக்கு பழுதுற்றால் சரம் முழுவதும் இருண்டுவிடும். வீட்டிலோ, கூடத்து விளக்கு பழுதுற்றாலும் அடுக்களை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

மின்சாரம் கண்ணுக்குப் புலனாகாதது, நீரோ புலனாவது. ஆதலின் நம் ஊர்க் கண்மாயை எண்ணிப் பார்ப்போம். கண்மாயில் நிற்கும் நீரின் உயரம் மின்னழுத்தம் போன்றது; மடை வழியே பாயும் நீர் மின்னோட்டம் போன்றது; மடையின் குறுக்கம் மின்தடை போன்றது. ஒரே வாய்க்காலில் குறுகிய மடைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தால் பாயும் நீர் குறையும். கண்மாய்க் கரையில் மடைகளை அருகருகே திறந்தாலோ வெளியேறும் நீர் மிகும். முன்னது தொடரிணைப்பு, பின்னது பக்க இணைப்பு.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றற்கும் உள்ள உறவை ஜெர்மனி நாட்டு ஆசிரியரான ஜார்ஜ் சைமன் ஓம் என்பார் 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தொடக்கத்தில் போற்றப்பெறாத அவ்வுண்மைக்காக, 1841இல் இலண்டன் இராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்பதே அவ்விதியின் சாரம்.

12 வோல்ட் மின்கலத்துடன் 6 ஓம் தடை ஒன்றை இணைத்தால் 2 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அதுபோன்ற மற்றொரு தடையைத் தொடரில் சேர்த்தால் மொத்தத் தடை 12 ஓம் ஆகும். மின்னோட்டம் 1 ஆம்பியராகக் குறையும். அதனையே பக்க இணைப்பில் சேர்த்தால், ஒவ்வொரு கிளையிலும் 2 ஆம்பியர் பாய, மொத்தம் 4 ஆம்பியர் ஆகும். இரண்டு தடைகளும் சேர்ந்து 3 ஓம் தடை ஒன்றுக்கே நிகராகிவிடுகின்றன. தடையைச் சேர்த்தும் ஓட்டம் பெருகுவது வியப்பன்றோ!

இவ்வுண்மையை அறியாமை பெருந்தீங்கு விளைக்கும். நம் வீட்டு மின்கருவிகள் யாவும் 230 வோல்ட் அழுத்தத்தில் பக்க இணைப்பில் இயங்குவன. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறத்தாழ 4.3 ஆம்பியரும், 1,500 வாட் வெந்நீர்க் கருவி ஏறத்தாழ 6.5 ஆம்பியரும் ஈர்க்கும். 6 ஆம்பியர் மட்டுமே தாங்கும் கம்பியில் இவ்விரண்டையும் ஒருசேரப் பொருத்தினால் ஏறத்தாழ 11 ஆம்பியர் பாயும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்மடங்காகும். கம்பியின் மேலுறை இளகும், தீயும் பற்றும்.

இத்தீங்கினைத் தடுக்கும் காவலனே உருகி என்னும் மெல்லிய கம்பி. இதனை மின்சாரம் நுழையும் வழியில் தொடரிணைப்பில் அமைப்பர். ஓட்டம் அளவு கடந்தால் அஃது உருகி அறுந்து, தன் வழியே செல்லும் மின்னோட்டம் முழுவதையும் நிறுத்திவிடும். இக்காலத்து வீடுகளில் தானே அணையும் விசைகளும் இப்பணியைச் செய்கின்றன. விளக்குச் சரத்தில் குறையாகத் தோன்றிய பண்பே இங்கு உயிர் காக்கும் பண்பாகிறது.

சிலர், உருகி அடிக்கடி அறுகின்றதே எனச் சலித்து, அவ்விடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவர். அது காவலனைக் கட்டிப்போட்டுக் கள்வனுக்குக் கதவு திறப்பதாகும். உருகி அறுந்தால், அதன் காரணத்தை ஆராய்ந்து களைய மின்பணியாளரை அழைத்தல் வேண்டும். ஒரே இணைப்பில் பல கருவிகளைப் பொருத்தாதிருத்தல் வேண்டும். எத்தனை தடைகள் உள்ளன என்பதோடு, அவை எவ்வாறு இணைந்துள்ளன என்பதையும் அறிந்தவனே மின்சாரத்தை அச்சமின்றி ஆள்வான்.