ஒன்றரைக் கட்டை கிதார்

மாப்ளே,

ரூமில் நாலு பேரும் சேர்ந்து ஞாயிறுதோறும் பிளாக் சப்பாத் ஆல்பங்களை வரிசையாகக் கேட்கப் போகிறீர்கள் என்று அக்கா சொன்னாள். "ஏதோ பேய்ப் பாட்டாம், நீயே என்னன்னு கேளு" என்று என் தலையில் கட்டிவிட்டாள். பெயரில் மட்டும்தான் பேய். 1963இல் வந்த ஒரு திகில் படத்தின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அக்காவை நான் சமாளித்துக்கொள்கிறேன். நீ கேட்கிற விதத்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

யூடியூபில் கிடைக்கும் 'டாப் டென்' தொகுப்புகளைத் தொடாதே. 1970 பிப்ரவரியில் வந்த முதல் ஆல்பத்தை எடு. அதற்கு முந்தைய அக்டோபரில் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் ஒரே நாளில் வாசித்து முடித்தது அது. மழை, இடி, தூரத்தில் ஒரு மணியோசை, பிறகு கிதார். அந்தக் கிதார் வாசிப்பது அடிப்படையில் மூன்றே இடங்கள்: கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிரதி மத்தியமம். கல்யாணியில் நம்மைக் குழைய வைக்கிற அதே பிரதி மத்தியமம்தான். பக்கத்தில் பஞ்சமத்தை வைக்காமல், அதை மட்டும் தனியே நிறுத்தி நடுங்க விட்டால் முதுகுத்தண்டு சிலிர்க்கிறது. உங்கள் ரூமில் பொன்னேரிப் பையன் ஒருவன் பேண்டு செட்டில் டிரம் வாசிப்பவன் என்றாயே, அவனைக் குழுவின் டிரம்மர் பில் வார்டின் கையை மட்டும் கவனிக்கச் சொல். வார்டு ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். அதனால் அடி நேர்க்கோட்டில் விழாது, சற்று ஆடிக்கொண்டே வரும். அதை நான் எழுதி விளக்குவதைவிட அவன் தொடையில் தட்டிக் காட்டினால் உனக்குச் சட்டென்று பிடிபடும். நாலு பேர் சேர்ந்து கேட்பதில் இருக்கிற லாபமே இதுதான். ஒருத்தன் காதில் விழாதது இன்னொருத்தன் காதில் விழும். அந்த ஒடிசாத் தம்பிக்கு இங்கிலீஷ் வராதே என்று தயங்க வேண்டாம். உனக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்?

இந்தக் குழுவைத்தான் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. குழுவின் நாலு பேரும் பர்மிங்ஹாம் நகரத்தின் ஆஸ்டன் பகுதிக்காரர்கள். அது ஃபவுண்டரியும் பிரஸ் ஷாப்பும் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் நிறைந்த இடம். நீ வேலை பார்க்கிற கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரியே. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கார் ஹாரன்களை டியூன் செய்யும் வேலையும் பார்த்தார், கசாப்புக் கூடத்திலும் வேலை பார்த்தார். கிதார்காரர் டோனி அயோமி தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் வெல்டர்.

அயோமிக்குப் பதினேழு வயது. இசைக்குழுவோடு ஊர் சுற்றலாம் என்று வேலையை விட முடிவெடுத்து, கடைசி நாள் வேலைக்குப் போகிறார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனி போகவில்லை என்கிறார். அம்மா விடவில்லை, போய் ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்புகிறார். தகடு அழுத்தும் மிஷினில் வழக்கமாக நிற்பவர் அன்று வரவில்லை. பழக்கமே இல்லாத இவரை அதில் நிறுத்துகிறார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். அதாவது கம்பியை அழுத்தும் கையே அந்த வலது கைதான். பிரஸ் ஷாப்பில் விரல் இழந்தவர் ஒருவரையாவது கும்மிடிப்பூண்டியில் இதற்குள் நீ பார்த்திருப்பாய். உன் பிரஸ்ஸில் இரண்டு கை பட்டன் எதற்கு இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டார்கெட்டுக்காக அதில் ஒன்றை டேப் போட்டு ஒட்டச் சொல்லும் சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது என்று வேண்டுமானால் தனியாகப் பேசலாம்.

வீட்டில் நொந்துபோய்க் கிடந்தவருக்குத் தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் வாசித்த கிதார். தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கி, மிச்ச விரல்களால் வாசித்தவர் அவர். அயோமி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவ பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு உறை வார்த்து, தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார். வெல்டர் கை அல்லவா, அந்த ஃபிட்டிங் வேலை சரியாகவே வந்தது. கம்பி கனமாக இருந்தால் வலித்ததால் பாஞ்சோவின் மெல்லிய கம்பிகளைக் கிதாரில் மாட்டினார்.

இனி மூன்றாவது ஆல்பத்துக்கு வா. 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', 1971. ஒரு இருமலோடு ஆரம்பிக்கும், பயந்துவிடாதே. இதில் 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்', 'இன்டு தி வாய்டு' போன்ற பாட்டுகளில் கம்பியைத் தளர்த்திச் சுருதியை இறக்கிவிட்டார். சாதாரணமாகக் கிதாரின் அடிக்கம்பி நம் கணக்கில் மூன்று கட்டை. அதை ஒன்றரைக் கட்டைக்குக் கொண்டுவந்தார். கம்பி தளர்ந்ததும் விரலுக்கு வலி குறைந்தது; ஒலிக்கோ கனம் கூடிவிட்டது. பிற்காலத்து மெட்டல் குழுக்கள் பலவும் இந்தப் பள்ளத்தில் இறங்கியவைதான். திமிரி நாயனத்தை விட்டுப் பாரி நாயனத்துக்கு வந்த நாதஸ்வர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையை இங்கே நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அவருக்குக் காரணம் வேறு, விரல் அல்ல. ஆனால் சுருதி இறங்கியதும் வாத்தியத்துக்குப் புதிய உடம்பு வந்தது இரண்டு இடத்திலும் நடந்தது. முதல் ஆல்பத்திலிருந்து மூன்றாவது வரை வரிசையாகக் கேட்டால் இந்த இறக்கம் உங்கள் நாலு பேருக்கும் கேட்கும். அதற்காகத்தான் வரிசை.

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். அந்த ஒன்றரைக் கட்டை 69 ஹெர்ட்ஸ் சுமாருக்கு அதிரும். கீசர் பட்லரின் பேஸ் கிதார் அதிலும் பாதி. போனில் அதெல்லாம் காணாமல் போய், பட்லர் குழுவிலேயே இல்லாத மாதிரி ஆகிவிடும். யாரிடமாவது வூஃபர் உள்ள ஸ்பீக்கர் இரவல் வாங்குங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடும் வேண்டாம். தொழிற்சாலை விதி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரைதான் அனுமதிக்கிறது, ரோலிங் மில் பக்கம் அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? அந்தச் சத்தத்திலிருந்து வந்த காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும். நீ தெரியாமலே வால்யூமைக் கூட்டிக்கொண்டு போவாய், வீட்டுக்காரர் மாடி ஏறி வருவார். இயர் பிளக் கொடுக்கிறார்கள் அல்லவா, பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அலையாதே.

நடுவில் நான் தாண்டி வந்த இரண்டாவது ஆல்பம் 'பாரனாய்டு'. அதற்கு 'வார் பிக்ஸ்' என்று போர் எதிர்ப்புப் பாட்டின் பெயரைத்தான் வைக்க நினைத்தார்கள், கம்பெனி மாற்றிவிட்டது. அட்டையில் வாளும் கேடயமுமாக நிற்கும் ஆள் அந்தப் பழைய பெயரின் மிச்சம். நீங்கள் ரீல்ஸில் கேட்ட 'பாரனாய்டு' பாட்டு, ஆல்பத்தில் நேரம் போதவில்லை என்று கடைசியில் அவசரமாகப் போட்டது. மூன்றாவதாக 'பிளானட் காரவான்' என்று அமைதியாக ஒன்று வரும். யாராவது ஸ்கிப் பண்ணக் கை நீட்டுவான், தட்டிவிடு. முன்னும் பின்னும் வரும் இடிக்கு நடுவே அதை அங்கே வைத்தது வேண்டுமென்றே. பாட்டு ஓடும்போது பேச்சு வேண்டாம், அந்தக் காலத்து ரெக்கார்டைத் திருப்பிப் போடும் இடத்தில் நிறுத்தி டீ குடியுங்கள், அப்போது அடித்துக்கொள்ளலாம்.

நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் நன்றாக இருக்கும், என் ஓட்டு ஆறாவதான 'சபோடாஜ்'க்கு. பழைய மேனேஜரோடு கோர்ட் கேஸ் நடந்துகொண்டிருந்தபோது செய்தது, கோபம் முழுக்கத் தெரியும். ஏழும் எட்டும் சரிவு. ரசிகன் என்பதற்காகப் பூசி மெழுக மாட்டேன், நீயும் மெழுகாதே. 1979இல் ஆஸியை வெளியே அனுப்பினார்கள். அடுத்த வருடம் ரோனி ஜேம்ஸ் டியோ பாடி 'ஹெவன் அண்ட் ஹெல்' வந்தது. ஆஸி இல்லாமல் அது பிளாக் சப்பாத்தா என்று உங்கள் ரூமில் கட்சி பிரியும். நான் டியோ பக்கம்.

இதெல்லாம் நமக்கு அந்நியம் என்று யாராவது கிண்டல் செய்தால் சண்டைக்குப் போகாதே. சினிமாவுக்கு வருமுன் ஏ.ஆர். ரகுமானே சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழு வைத்திருந்தவர். 2009இல் ஸ்வீடனிலிருந்து ஓபெத் குழு ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவுக்கு வந்து வாசித்தது. ஓபெத்தைக் கேட்டால் அயோமியின் விரல் தடம் எங்கே என்று இனி நீயே காட்டிவிடுவாய்.

ஆஸி 2025 ஜூலை 5 அன்று, வளர்ந்த ஆஸ்டனிலேயே வில்லா பார்க் மைதானத்தில், பழைய நாலு பேரும் சேர நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழு நாளில் காலமாகிவிட்டார். அந்தக் கச்சேரி வீடியோவைக் கடைசியில் பாருங்கள், முதலில் வேண்டாம்.

'சபோடாஜ்' வரும் ஞாயிறு எது என்று சொல். திருவள்ளூரிலிருந்து நேர் ரயில் இல்லை, பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாற வேண்டும். ஏ ஷிஃப்டா பி ஷிஃப்டா என்று பார்த்துச் சொன்னால் அதற்கேற்ப கிளம்புவேன்.

உன் மாமா