ஏல மலைத் தொழிலாளரும் இரத்தக் கொழுப்பு மருந்தும்

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்லும் மலைப்பாதை போடிமெட்டை அடைகிறது. தேனி மாவட்டச் சிற்றூர்களைச் சேர்ந்த தொழிலாளர் பலர் விடியற்காலையில் ஜீப்புகளில் இவ்வழியே சென்று, இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதி ஏலத் தோட்டங்களில் வேலை செய்து மாலையில் ஊர் திரும்புகின்றனர். ஏலக்காய், செடியின் அடியிலிருந்து கிளம்பும் சரங்களில் தரையையொட்டிக் காய்ப்பது. ஆகவே காய் பறிப்போர் நாள் முழுதும் குனிந்தும், குத்துக்காலிட்டும், சரிவில் ஏறி இறங்கியும் உழைக்க வேண்டியுள்ளது. தொடையும் இடுப்பும் வலிப்பது இத்தொழிலில் இயல்பு.

இத்தகைய உழைப்பாளி ஒருவருக்கு, மாரடைப்புக்குப் பின்னரோ நீரிழிவு காரணமாகவோ, ஸ்டாட்டின் மாத்திரை தரப்படுகிறது என்று கொள்வோம். வலி வேலையால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்ற வினா விரைவில் எழும். மாத்திரையைத் தாமாகவே நிறுத்தினால் இதயம் பாதுகாப்பை இழக்கிறது. வேலையை நிறுத்தினால் கூலி போகிறது. எனவே இது தெளிவாக அறிய வேண்டிய செய்தியாகும்.

மருந்தின் பயன்

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சை வகைகளை ஆராய்ந்து, 1973-இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டறிந்தார். கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்திக்குத் துணைபுரியும் நொதி ஒன்றை இம்மருந்து தடுக்கிறது. அதனால் கல்லீரல் இரத்தத்திலிருந்து மிகுதியான கொழுப்பை ஈர்த்துக்கொள்கிறது. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் இதயநோயாளர் 4,444 பேர் பங்கேற்றனர். சிம்வாஸ்டாட்டின் பெற்றவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்தது.

தசையில் ஏற்படும் விளைவு

இம்மருந்து தசைகளைத் தாக்கக்கூடும் என்பது உண்மையே. செரிவாஸ்டாட்டின் என்னும் வகை, தசைச் சிதைவால் உயிரிழப்புகளை ஏற்படுத்தியமையால் 2001-இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. ஆயினும் இன்று வழங்கப்படும் வகைகளில் இக்கடும் விளைவு மிக அரிது. 2022-இல் வெளியான தொகுப்பாய்வு, சுமார் 1,24,000 பேரின் விவரங்களை ஆராய்ந்தது. ஸ்டாட்டின் உண்டோரில் 27.1 சதவீதத்தினரும், மருந்தற்ற போலி மாத்திரை உண்டோரில் 26.6 சதவீதத்தினரும் தசைவலி அல்லது தளர்ச்சி இருப்பதாகக் கூறினர். அதாவது, கூறப்பட்ட வலிகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை மருந்தால் வந்தவை அல்ல. மருந்தால் வரும் சிறு பங்கும் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே தோன்றுகிறது.

உடலுழைப்பும் மருந்தும்

பழக்கமற்ற கடின உழைப்பு தசைநார்களில் நுண்ணிய சேதத்தை விளைவிக்கும். அப்போது கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி இரத்தத்தில் உயரும். ஏற்றத்தைவிட இறக்கத்தில் இச்சேதம் மிகுதி. உடலின் எடையைத் தாங்கியவாறே தொடைத் தசை நீள்வதே இதற்குக் காரணம். 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இறக்கமாகச் சாய்க்கப்பட்ட ஓடுபட்டையில் நடந்தோரில் லோவாஸ்டாட்டின் உண்டவர்களுக்கு, மறுநாள் இந்நொதி மற்றவர்களைவிட ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. மலைச்சரிவில் உழைப்போர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

எனினும், மிதமான உழைப்பைக் கைவிட இது காரணமாகாது. நெதர்லாந்தில் நான்கு நாட்கள் தொடர்ந்து நெடுந்தொலைவு நடந்தோரிடம் மேற்கொண்ட ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. ஸ்டாட்டின் உண்டவர்களுக்குத் தசைச் சேதம் மற்றவர்களைவிட மிகுந்துவிடவில்லை என அது காட்டிற்று. மருந்தும் உடலுழைப்பும் இணையும்போது இதயத்திற்கு நன்மை பெருகுகிறது.

வேறுபடுத்தி அறிதல்

வேலையால் வரும் வலி, பெரும்பாலும் உழைத்த பகுதியில் தோன்றி, சில நாள் ஓய்வில் தணியும். மருந்தால் வருவது, மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டப்பட்ட சில வாரங்களில், இரு தொடைகளிலும் அல்லது இரு தோள்களிலும் ஒருசேரத் தோன்றி, ஓய்விலும் நீடிக்கும். குத்துக்காலிட்டு அமர்ந்தவர் எழ இயலாத அளவு தளர்ச்சியும் ஏற்படலாம். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கருத்தால் அன்றே மருத்துவமனையை நாட வேண்டும்.

இரத்தப் பரிசோதனைக்குச் செல்வோர், முந்திய நாட்களில் செய்த கடின வேலையை மருத்துவரிடம் கூற வேண்டும். இல்லையேல், உழைப்பால் உயர்ந்த நொதி மருந்தின் குற்றமாகக் கருதப்படலாம். தைராய்டு குறைபாடும், கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளும் தசைவலிக்கு வழிவகுக்கும் என்பதால் அவற்றையும் தெரிவித்தல் நலம். காரணம் மருந்தே எனத் தெரிந்தாலும் வழி அடைபடுவதில்லை. மருத்துவர் அளவைக் குறைக்கலாம். வேறு வகைக்கு மாற்றலாம்.

அட்டோர்வாஸ்டாட்டின் நம் நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மாத்திரை கிடைக்கச் செய்வதோடு பணி முடிந்துவிடுவதில்லை. அதனை வழங்கும் செவிலியர், உண்பவர் செய்யும் வேலை யாது என்று ஒரு கேள்வியும் கேட்பாராயின், போடிமெட்டு போன்ற மலைப்பகுதிகளில் மருந்தும் நிற்காது, உழைப்பும் தடைப்படாது.