மூப்பும் சுரப்பிகளும்

முதியவர் ஒருவர் மாலையிலேயே உறங்கிவிடுகிறார். விடியலுக்கு முன்னரே எழுந்து அமர்கிறார். மற்றொருவர், வீட்டில் எவருக்கும் குளிராத நாளிலும் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறார். இரண்டுக்கும் 'வயதாகிவிட்டது' என்று காரணம் கூறுவது வழக்கம். ஆயினும், முன்னது பெரும்பாலும் மூப்பின் இயல்பு. பின்னது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இவ்வேறுபாட்டை அறிய ஹார்மோன்களைப் பற்றிய அறிவு உதவும்.

உடலிலுள்ள நாளமில்லாச் சுரப்பிகள் சில வேதிப்பொருள்களைக் குருதியில் நேரடியாகக் கலக்கின்றன. இவற்றுக்கு 'ஹார்மோன்' என்னும் பெயரை 1905ஆம் ஆண்டு வழங்கியவர் இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். 'தூண்டுதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது.

வயது ஏறஏறச் சில ஹார்மோன்கள் இயல்பாகவே குறைகின்றன. இரவில் சுரந்து உறக்கத்திற்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் அவற்றுள் ஒன்று. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் வெகுவாகக் குறைகிறது. எலும்பைக் காத்துவந்த ஹார்மோன் அது. அது குறைவதால் எலும்பு வலுவிழக்கிறது. பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு எளிதில் முறிவது இதனால்தான். வழுக்காத தரையும் சுவரில் ஒரு கைப்பிடியும் அவரைக் காக்கும்.

தைராய்டு குறைபாடோ மூப்பின் இயல்பன்று. அது ஒரு நோய். கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள இச்சுரப்பி போதிய அளவு சுரக்காவிடில் உடலின் செயல்கள் மந்தமாகின்றன. குளிர் தாங்க இயலாமை, அசதி, மலச்சிக்கல், வறண்ட தோல், மறதி ஆகியவை தோன்றும். இவை மூப்பின் அடையாளங்களைப் போலவே இருப்பதால் நோய் மறைந்து கிடக்கிறது. எளிய குருதிப் பரிசோதனை இதனைக் காட்டிக்கொடுக்கும். மருத்துவர் குறிக்கும் அளவில் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டால் பெரும்பாலோர் நலம் பெறுவர்.

மருத்துவரிடம் உள்ளதை உள்ளவாறு கூறினால்தான் சரியான பரிசோதனை நடைபெறும். தமிழ் மட்டுமே அறிந்த முதியோர் வேற்று மாநிலத்தில் இவ்விடத்தில்தான் தடுமாறுகின்றனர். 'கால் கடுக்கிறது', 'கால் குடைகிறது', 'கால் மரத்துப்போகிறது' என்பன மூன்று வெவ்வேறு துன்பங்கள். மூன்றையும் 'கால் வலி' என்று மொழிபெயர்த்தால் மருத்துவர் தவறாக உணரக்கூடும். இரு மொழியும் அறிந்த பேரப்பிள்ளைகள் தாத்தா கூறும் சொல்லின் பொருளை நன்கு அறிந்திருந்தால், அவருடைய நோயை மருத்துவருக்குத் தெளிவாக உணர்த்தலாம். தாய்மொழி அறிவு ஒருவரது உடல்நலத்தையும் காக்கும்.

அருஞ்சொற்பொருள்
மூப்பு – முதுமை
குருதி – இரத்தம்
அசதி – உடற்சோர்வு
கடுப்பு – நெடுநேரம் நின்றாலோ நடந்தாலோ தோன்றும் வலி
குடைச்சல் – உள்ளே துளைப்பது போன்ற வலி
மரத்துப்போதல் – தொடு உணர்ச்சி குன்றுதல்

பயிற்சி
1. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்புக்கு நேர்வது யாது?
2. தைராய்டு குறைபாடு முதியோரிடம் மறைந்து கிடப்பது ஏன்?
3. உடல்நலக் குறைவைக் குறிக்க வீட்டுப் பெரியோர் கூறும் ஐந்து தமிழ்ச் சொற்களைக் கேட்டு, பொருளுடன் எழுதுக.