அடகு வைத்த சங்கிலியும் விசுவாசமும்

கேள்வி: ஐயா, நான் ஆர்.சி. குடும்பத்தில் பிறந்து பெந்தெகொஸ்தே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் அம்மா தவக்காலம் நாற்பது நாளும் கவிச்சி தொடமாட்டார். வருஷம் தவறாமல் வேளாங்கண்ணிக்கு நடந்தே போவார். “இதெல்லாம் வீண் கிரியை, விசுவாசித்தால் மட்டும் போதும்” என்கிறார் என் வீட்டுக்காரரின் அண்ணன். தான் இரட்சிக்கப்பட்ட தேதியைக்கூடச் சொல்வார். அவரேதான் மூன்று வருஷத்துக்கு முன், அவசரம் என்று அம்மாவின் நான்கு சவரன் சங்கிலியை வாங்கி அடகு வைத்தார். இன்னும் மீட்டுத் தரவில்லை. கேட்டால், “ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார், பழசைக் கிளறாதே” என்கிறார். விசுவாசம் மட்டும் போதுமா ஐயா? அம்மா நடந்த நடையெல்லாம் வீணா?
— ஒரு வாசகி, பருத்திப்பட்டு

பதில்: அன்புள்ள சகோதரி, விசுவாசம் போதும். ஆனால் உங்கள் மூத்தார் எதை விசுவாசம் என்கிறாரோ, அது போதாது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்திலேயே விடைக்கான சொல் இருக்கிறது: ‘மீட்டு’. கத்தோலிக்கர் இயேசுவை மீட்பர் என்கிறார்கள். அடகுக் கடையில் கிடக்கும் சங்கிலி தன்னைத்தானே மீட்டுக்கொள்ளாது. எவ்வளவு மின்னினாலும் வட்டியில் ஒரு ரூபாய் குறையாது. வெளியிலிருந்து ஒருவர் பணத்தோடு வந்தால்தான் அது வெளியே வரும். கிருபை என்று பவுல் சொல்வது இதைத்தான். விலை கொடுத்தது சிலுவையில் தொங்கியவர். நாம் கட்ட வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. அந்த அளவில் உங்கள் மூத்தார் சொல்வது சரியான போதனை.

1517இல் மார்ட்டின் லுத்தர் எழுப்பிய குரலின் மையமும் இதுவே. ரோமர் மூன்றாம் அதிகாரத்தின் 28ஆம் வசனத்தை ஜெர்மனில் பெயர்த்தபோது, கிரேக்க மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லை அவர் சேர்த்தார். பவுலின் கருத்தை ஜெர்மன் மொழியில் தெளிவாகச் சொல்ல அது தேவை என்று வாதாடினார். அந்தப் போதனை 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்குடன் தரங்கம்பாடியில் கரையிறங்கியது. இன்று ஆவடி, அம்பத்தூர் பக்கம் தெருவுக்குத் தெரு நடக்கும் ஜெபக்கூட்டங்கள்வரை அதன் எதிரொலி கேட்கிறது.

ஆனால் வேதாகமத்தில் ‘விசுவாசத்தினால் மட்டும்’ என்ற தொடர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அது யாக்கோபு இரண்டாம் அதிகாரம், 24ஆம் வசனம். அங்கேயும் ‘மட்டும் அல்ல’ என்றே வருகிறது. லுத்தருக்கு அந்த நிருபத்தின் மேல் வருத்தம் இருந்தது. 1522இல் எழுதிய முன்னுரையில் அதை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். அதே லுத்தர்தான் ரோமர் நிருப முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, நன்மை செய்யாமல் அதால் இருக்கவே முடியாது என்றும் எழுதினார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

அப்படியானால் பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா? இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் காட்டும் ஆபிரகாம், பிள்ளையில்லாத முதியவன். இரவில் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு, வாக்குக் கொடுத்தவரை நம்புகிறான். கையில் காட்ட ஒன்றும் இல்லை. அப்போதே தேவன் அவனை நீதிமானாக எண்ணிக்கொள்கிறார். யாக்கோபு காட்டுவது பல வருஷம் கழித்து மோரியா மலையில் ஈசாக்கோடு நிற்கும் ஆபிரகாமை. முதலாவது ஆதியாகமம் 15, இரண்டாவது 22. பவுல் கன்று வேர்பிடித்த நாளைச் சொல்கிறார், யாக்கோபு அது காய்த்த நாளைச் சொல்கிறார். மரம் ஒன்றுதான்.

நான் பல வருஷம் வேதபாடம் நடத்தியவன். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தின் 8, 9 வசனங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கும் மாணவர்கள் ஏராளம். கிருபையினால் இரட்சிப்பு, கிரியையினால் அல்ல, யாரும் பெருமை பேச முடியாது என்பது அங்கே இருக்கிறது. பத்தாம் வசனம் எங்கே என்றால் விழிப்பார்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் உண்டாக்கப்பட்டோம் என்கிறது அது. ஒரே மூச்சில் எழுதப்பட்டதை இரண்டாக வெட்டினால் இந்தக் குழப்பம்தான் மிஞ்சும்.

நம் மொழியும் இதில் துணைக்கு வருகிறது. விசுவாசம் என்ற சொல்லை நாம் கோயிலுக்கு வெளியே எங்கே சொல்கிறோம்? சோறு போட்ட கையை மறக்காத நாயை விசுவாசமானது என்கிறோம். உப்பிட்டவருக்குத் துரோகம் செய்யாதவனை விசுவாசமான ஆள் என்கிறோம். கிரேக்கத்தில் ‘பிஸ்டிஸ்’ என்ற சொல்லுக்கும் நம்புதல், உண்மையாயிருத்தல் என்ற இரு பொருளும் உண்டு. கடவுள் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்வது இதனால்தான். அவற்றிடம் நம்பிக்கை உண்டு, விசுவாசம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல ஆசை. உங்கள் பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் பூந்தமல்லி. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய அவர் வழியாக, இராமானுசருக்கு ஆறு வார்த்தைகள் கிடைத்ததாக வைணவ மரபு சொல்கிறது. சரணாகதியே உபாயம் என்பது அவற்றில் ஒன்று. பின்னால் வந்தவர்கள் அதைப் பற்றிப் பெரிய விவாதமே நடத்தினார்கள். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல நாம் பற்ற வேண்டுமா, பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்வதுபோலவா என்று வடகலையும் தென்கலையும் பிரிந்தன. லுத்தர் 1483இல் பிறப்பதற்கு முன்பே இந்த மண் சிந்தித்த கேள்வி இது. இரண்டு சமயமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்தவ விடை சிலுவையில் நிற்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்கு இங்கே வேர் உண்டு.

ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். பனியனின் கதையில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் விழுந்துவிடுகிறது. அவன் எதுவும் செய்து அதை இறக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. நடக்க வேண்டிய வழியில் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

இனி உங்கள் அம்மா. கத்தோலிக்கர் கிரியையால் மோட்சத்தை வாங்கப் பார்க்கிறார்கள் என்பது அவர்கள்மேல் நெடுங்காலமாகச் சுமத்தப்படும் பழி. ஒருவரை நீதிமானாக்கும் கிருபையை அதற்கு முந்திய விசுவாசமோ கிரியையோ சம்பாதிக்க முடியாது என்று 1547இலேயே திரெந்து பொதுச்சங்கம் எழுதி வைத்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும், கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தில் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று கூட்டாகக் கையெழுத்திட்டன. பிற்பாடு மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். எல்லா வேறுபாடும் தீரவில்லை. அடிப்படையில் சண்டை ஓய்ந்தது.

அம்மாவிடம் ஒருமுறை கேளுங்கள், எதற்கு நடக்கிறீர்கள் என்று. “இவ்வளவு தூரம் நடந்தால் மோட்சம்” என்று சொன்னால், அன்போடு திருத்துங்கள். “அவர் எனக்குச் செய்ததை நினைத்து நடக்கிறேன்” என்றால், அந்தப் பாதங்களைத் தொட்டுக் கும்பிடுங்கள். அது விசுவாசமே நடக்கிற நடை.

மூத்தாருக்கு லூக்கா 19ஆம் அதிகாரத்தைக் கொடுங்கள். வரி வசூலித்தவன் சகேயு. இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போகிறார். திருந்தினால் வருகிறேன் என்று நிபந்தனை போடவில்லை. அவன் எழுந்து நின்று, பாதிச் சொத்து ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப என்கிறான். இந்த வீட்டுக்கு இன்று இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவிப்பது அதன் பிறகு. சகேயு மன்னிப்பை விலைக்கு வாங்கவில்லை. மன்னிப்பு வந்த வீட்டில் அடுத்தவன் பொருள் தங்கவில்லை, அவ்வளவுதான். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சரிசெய்துகொள் என்றவரும் அதே ஆண்டவர்தான்.

ஆண்டவர் அவரை மன்னித்திருக்கலாம். உங்கள் அம்மாவின் சங்கிலி அம்மாவுடையது. வட்டி ஏறி ஏலத்துக்குப் போகுமுன், உங்கள் வீட்டுக்காரரையும் சபைப் போதகரையும் உடன் அழைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, தவணை என்றைக்கு என்று முதலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.