முள்ளுக்கு எந்தப் பக்கம்?

2020 ஏப்ரல். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துல எங்க ஊர். மார்ச் 27-ல் ஆரம்பிக்க வேண்டிய பத்தாம் வகுப்புப் பரீட்சை தள்ளிப் போயிருந்துச்சு. சும்மா இருந்த நாங்க அஞ்சாறு பேர் சேர்ந்து, வாய்க்கால் கரையில இருந்த சீமைக்கருவேல முள்ளை வெட்டி இழுத்து வந்து, ஊருக்குள்ள வர்ற ரோட்டை மறிச்சுப் போட்டோம். ‘வெளியூர் ஆட்கள் வர அனுமதி இல்லை’ன்னு அட்டையில எழுதினது நான்தான். (இங்கிலீஷ் மீடியம். ‘அனுமதி’க்கு எந்த ‘னு’ன்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட கேட்டுத்தான் எழுதினேன்.)

அந்த மாதம் தமிழ்நாட்டில் நிறைய கிராமங்கள் இதையேதான் செய்தன. அரசு போட்ட ஊரடங்குக்கு மேல ஊரே போட்டுக்கிட்ட ஊரடங்கு. 108 வண்டி வந்தா எப்படி உள்ள வரும்னு எங்கள்ல யாரும் யோசிக்கலை.

ரெண்டு மாசம் கழிச்சு, அதே முள்ளுக்கு அந்தப் பக்கம் என் சித்தப்பா பைக்கோட நின்னார்.

தொற்று வரும்போது பயணத்தைத் தடுத்தா மக்கள் ஏன் ஓடுறாங்க, ஏன் ஏமாத்துறாங்க, ஏன் அவங்களே தடையும் போடுறாங்க? ‘மக்களுக்கு அறிவே இல்லை’ன்னு அப்போ வாட்ஸ்அப் பூரா ஓடுச்சு. நானும் ஃபார்வர்டு பண்ணியிருக்கேன். இப்போ யோசிச்சா அது சோம்பேறித்தனமான பதில்.

முதல்ல, தடை எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். நம்ம டெல்டாக்காரங்களுக்கு இது ரொம்ப ஈஸி. 2020-ல் மேட்டூர் அணை எட்டு வருஷத்துக்குப் பிறகு சரியா ஜூன் 12-ல் திறந்தது. கல்லணை திறந்தது 16-ல். கடைமடையில இருக்கிற எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வர அதுக்கப்புறமும் பல நாள் ஆகும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. இன்னைக்கு மேட்டூரை மூடினா, ஏற்கெனவே ஆத்துல இறங்கின தண்ணி நிக்காது. அது வந்தே தீரும்.

கொரோனாவும் அப்படித்தான். தொற்றினவருக்கு அறிகுறி தெரிய 14 நாள் வரைகூட ஆகலாம். சீனா வூஹான் நகரத்தை மூடியது 2020 ஜனவரி 23. ஆனா அதுக்கு முன்னாடியே சுமார் 50 லட்சம் பேர் ஊரை விட்டுக் கிளம்பியிருந்தாங்கன்னு அந்த ஊர் மேயரே சொன்னார். புத்தாண்டு விடுமுறை வேற. சயின்ஸ் இதழில் அந்த வருஷம் வந்த ஒரு ஆய்வுப்படி, வூஹான் தடையால் சீனாவுக்குள் நோய் பரவுவது 3 முதல் 5 நாள்தான் தள்ளிப்போனது. ஆனா வெளிநாடுகளுக்குப் போன தொற்று பிப்ரவரி நடுப்பகுதி வரை கிட்டத்தட்ட 80 சதவீதம் குறைந்தது. ரெண்டும் ஒரே தடைதான். தண்ணி போய்ச் சேர்ந்த இடத்தில் ஷட்டர் போட்டா பலன் கம்மி, போய்ச் சேராத இடத்தில் பலன் அதிகம். அங்கேயும் அது நோயை நிறுத்தலை. தயாராக நேரம்தான் வாங்கிக் கொடுத்தது.

இப்போ மக்கள் பக்கம் வருவோம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல டைம் டிலே வந்தாலே சிஸ்டம் ஆட்டம் காணும்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? உத்தரவு அறிவிக்கிற நேரத்துக்கும் அமலுக்கு வர்ற நேரத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியும் ஒரு டிலேதான். வூஹானில் ராத்திரி 2 மணிக்கு அறிவிச்சு காலை 10 மணிக்கு மூடினாங்க. இத்தாலியில் மார்ச் 7 ராத்திரி உத்தரவோட வரைவு முன்கூட்டியே கசிஞ்சு, மிலான் ரயில் நிலையத்துக்கு ஜனங்க ஓடினாங்க. சென்னைக்கும் பக்கத்து மாவட்டங்களுக்கும் ஜூன் 19 முதல் முழு ஊரடங்குன்னு 15-ம் தேதி சொன்னாங்க. நடுவுல நாலு நாள். பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்னதை எல்லாரும் டிவியில பார்த்தோம்.

அப்போ இடைவெளியே இல்லாம திடீர்னு மூடிட்டா? அதுவும் பார்த்தாச்சு. மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு அறிவிச்சு 12 மணிக்கு நாடு முழுக்க மூடினாங்க. கூலியும் சாப்பாடும் நின்னுபோன வெளிமாநிலத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தாங்க. இடைவெளி எவ்வளவுங்கிறது பாதி விஷயம்தான். மூடின பிறகு உள்ள இருக்கிறவன் எதைச் சாப்பிடுவான்ங்கிறது மீதி.

இது புதுசும் இல்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தப்போ லட்சக்கணக்கானவங்க ஊரைக் காலி பண்ணினாங்க. அடுத்த வருஷம் வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020-லும் எடுத்தாங்க. சென்னை மாகாணத்தில் ‘பிளேக் பாஸ்போர்ட்’னு ஒண்ணு இருந்துச்சு. நோய் உள்ள ஊரிலிருந்து வர்றவங்க அதைக் கையில வச்சிருக்கணும், போய்ச் சேர்ந்த ஊரில் தங்களைக் காட்டணும். நம்ம இ-பாஸோட கொள்ளுத்தாத்தா.

இ-பாஸ் ஆரம்பத்தில் கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம் இந்த மூணுக்குத்தான். ஜூன் 1-லிருந்து தமிழ்நாட்டை எட்டு மண்டலமாப் பிரிச்சு, மண்டலத்துக்குள்ள பாஸ் வேண்டாம்னாங்க. ஜூன் 25-ல் மறுபடியும் மாவட்டம் தாண்டவே பாஸ். எங்க ஊர்க்காரங்களுக்கு இதோட அர்த்தம் நல்லாத் தெரியும். திருத்துறைப்பூண்டி திருவாரூர் மாவட்டம், வேதாரண்யம் நாகை, பட்டுக்கோட்டை தஞ்சாவூர். பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்த ஊரெல்லாம் ஒரே ராத்திரியில வெளிநாடு ஆச்சு.

சித்தப்பா வந்தது ஜூன் 17 விடியற்காலை. பாஸ் இருந்துச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெளிவா சொன்னதில்லை. எந்த வழியா வந்தார்ங்கிறதும் ஒவ்வொரு தடவையும் மாறும். முள்ளுக்கு இந்தப் பக்கம் ஏழெட்டு பேர் நின்னோம். மே மாசம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பினவங்க மூலமா கடலூர், அரியலூர், விழுப்புரம் பக்கம் எண்ணிக்கை ஒரேயடியா ஏறினது எல்லாருக்கும் தெரியும். அதனால எங்க பயம் வெட்டிப் பயம் இல்லை. அப்பாதான் முதல்ல பேசினார்: “தம்பி, அங்கேயே நில்லு. வீட்டுக்கு வராத.”

சொந்த அண்ணன் அப்படிச் சொன்னதும் சித்தப்பா முகம் போன போக்கை நான் பார்த்தேன். அட்டையில என் கையெழுத்து வேற அவர் கண்ணு முன்னாடி தொங்குது.

வயல்ல மோட்டார் கொட்டகையில 14 நாள் இருந்தார். அப்பாயி சமைச்ச சோத்தைத் தூக்குல போட்டு வரப்புல வச்சிட்டு வருவேன். ஒருநாள் தூரத்துல நின்னுக்கிட்டே கேட்டேன், “ஏன் சித்தப்பா வந்தீங்க? அங்கேயே இருந்திருக்கலாம்ல?” கோபப்படாம கணக்குச் சொன்னார். வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் மார்ச்சிலிருந்து பூட்டு. ரெண்டு மாச வாடகை பாக்கி. ரூம்ல நாலு பேர், ஒரே கக்கூஸ், அது மாடியில இருக்கிற மூணு ரூமுக்கும் சேர்த்து. “இங்க வந்தா நோய் வந்தாலும் சோறு உண்டுடா. அங்க நோய் வராட்டியும் சோறு இல்லை.” ரிஸ்க் அசெஸ்மென்ட்னு நாம இப்போ படிக்கிறதை அவர் ஒரு வரியில முடிச்சிட்டார்.

அவருக்கு ஒண்ணும் வரலை. வந்திருந்தா இந்தக் கதையை நான் எப்படிச் சொல்லியிருப்பேன்னு தெரியலை. அப்பாயி அப்போ எழுபது தாண்டினவங்க. அதனால அப்பா செஞ்சது தப்புன்னு என்னால சொல்ல முடியாது. சித்தப்பா வந்ததும் தப்புன்னு சொல்ல முடியாது.

செப்டம்பர் 1-லிருந்து மாநிலத்துக்குள்ள இ-பாஸ் ரத்து. முள்ளை அதுக்கு முன்னாடியே அப்பாயி அடுப்புக்கு இழுத்துட்டாங்க.

2021 மே 10-ல் மறுபடியும் முழு ஊரடங்கு. 8, 9 ரெண்டு நாளும் பஸ் ஓடுச்சு, சென்னையில அதே கூட்டம். நான் போன் பண்ணி, “கொட்டகையைச் சுத்தம் பண்ணி வைக்கவா சித்தப்பா?”ன்னு கேட்டேன்.

“வேண்டாம்டா, வரலை. இந்தத் தடவை வீட்டு ஓனர் வாடகையை மெதுவாத் தரச் சொல்லிட்டார். அரிசியும் வாங்கி வச்சிட்டேன்.”