மரணப் பதிவில் மூலகாரணம்

ஒருவர் இறந்தால் “எதனால் இறந்தார்?” என்று ஊரார் வினவுவர். “மூச்சு நின்றுவிட்டது” என்று கூறி அமைகிறோம். மூச்சு நிற்பது எல்லா மரணங்களுக்கும் பொது; அது காரணமாகாது.

வைத்தியர் தரும் மரணக் காரணச் சான்றில் காரணங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படும். சிவகாசிப் பகுதிப் பட்டாசு ஆலையொன்றில் தீக்காயமுற்ற தொழிலாளி பத்தாம் நாள் மருத்துவமனையில் இறந்தார் எனக் கொள்வோம். இரத்தத்தில் கிருமி பரவியது முதற்காரணமாகக் குறிக்கப்படும். அதன் கீழே தீக்காயமும், அது நேர்ந்த வெடிவிபத்தும் குறிக்கப்படல் வேண்டும். அவ்வெடிவிபத்தே மூலகாரணம். அது விடுபடின், கணக்கில் கிருமி மட்டுமே எஞ்சும், விபத்து மறைந்துபோம்.

மற்றொன்றும் அறியத்தக்கது. மரணம் நேர்ந்த இடத்திலேயே பதிவு செய்யப்படும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். இத்தகைய விபத்துக்களில் காயமுற்றோர் மதுரைக்குக் கொண்டு செல்லப்பட்டு ஆங்கே இறப்பின், அம்மரணம் மதுரைப் பதிவேட்டில் ஏறும். ஆகவே நம்மூர்ப் பதிவேட்டை மட்டும் நோக்கி நம்மூரின் நிலையை அளத்தல் தகாது.

நெசவாளரும் விவசாயிகளுமாகிய நமக்கும் இது பொருந்தும். பஞ்சுத்தூசியால் நலிந்த நுரையீரலும், பூச்சிமருந்து தெளிக்கையில் ஏறிய நஞ்சும் வெறும் “மூச்சுத் திணறல்” என்று முடிந்துவிடலாகாது. இறந்தவர் செய்த தொழில் யாது, எத்தனை ஆண்டு செய்தார், நோய் எப்போது கண்டது என்பவற்றை வைத்தியரிடம் ஒளிக்காமல் உரைப்பது குடும்பத்தார் கடமை.

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் மரணத்தைத் தெரிவித்தல் வேண்டும். வீட்டில் நேர்ந்த மரணத்தைக் குடும்பத் தலைவரும், மருத்துவமனையில் நேர்ந்ததை அதன் பொறுப்பு மருத்துவரும் தெரிவிப்பர்.

பதிவாளர் வழங்கும் இறப்புச் சான்றிதழில் காரணம் காணப்படாது என்பதை அங்கத்தினர் பலர் அறியார். காரணச் சான்று தனியானது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மருத்துவமனையில் இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கு அச்சான்றின் பிரதியைக் கட்டணமின்றி வழங்குதல் மருத்துவமனையின் கடமையாகும். அதனைக் கேட்டுப் பெறுக. விபத்தாயின், போலீஸாரின் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இவற்றின் பிரதிகளையும் உடன் சேர்த்து வைக்க. இழப்பீடு கோருங்கால் விதவைக்கும் குழந்தைகளுக்கும் துணை நிற்பவை இவையே.

காரணம் சரியாக எழுதப்பட்டாலன்றி எத்தொழிலில் எத்தனை உயிர் போயிற்று என்பது புலப்படாது. புலப்படாததைத் தடுக்க எவரும் முற்படார். துக்க வீட்டிற்குச் செல்லும் அங்கத்தினர், ஆறுதலோடு இவ்விவரத்தையும் எடுத்துரைப்பாராக.